மறுகா என்ன நடந்தது?

இது 2024 ஒக்டோபர் கடைசி. மூன்று வெள்ளிக்கிழமையாக எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு நேரத்தோடு முடிந்துவிடுகிறது. புட்டோ இடியப்பமோ, எட்டரைக்குள் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, போனுக்குச் சார்ஜ் ஏற்றி, டேட்டா மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, டோஹாவில் இருக்கும் அண்ணாவுக்கு வட்ஸ்அப்பில் "ரெடியா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன். பக்கத்தில் அண்ணாவின் மகன், ஏழு வயது, எனக்கு முன்பே பாயை விரித்துப் படுத்திருப்பான். சின்ன வயதில் பார்த்த ஜப்பானியக் கார்ட்டூன், டிராகன் பால், திரும்பி வந்திருக்கிறது! எனக்கு 32 வயது, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன், இருந்தும் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மனம் கரும்பலகையில் நிற்பதேயில்லை.

புதிய தொடரின் பெயர் டிராகன் பால் டைமா. ஒக்டோபர் 11ஆம் திகதி தொடங்கியது. ஜப்பானில் வெள்ளி இரவு 11.40க்குப் போகிறது, நமக்கு இலங்கையில் அப்போது 8.10. ஆங்கில எழுத்தோடு நம் கைக்கு வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும், அந்த நேரம்தான் பெரிய பாடு. 2018 மார்ச்சில் டிராகன் பால் சூப்பர் முடிந்த பிறகு தொலைக்காட்சிக்கென்று புதுத் தொடர் எதுவும் வரவில்லை, ஆறரை வருடம். இடையில் இரண்டு படங்கள் வந்தன, பார்த்தோம், சரி. ஆனால் வாராவாரம் காத்திருப்பது வேறு. கட்டாரில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அண்ணாவும் அறையில் இருப்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஒரே நேரத்தில் பார்க்கிறோம். 20 வருடத்துக்குப் பிறகு.

அண்ணா என்றால் பெரியம்மாவின் மகன். என்னைவிட ஐந்து வயது மூப்பு. நாங்கள் மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடாக இருந்தோம். எங்கள் ஒழுங்கையில் ஒரே ஒரு வீட்டில்தான் டிஷ் அன்ரனா இருந்தது, 2002, 2003 காலம், சமாதானப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்ததால் ஊர் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டையை மாற்றுவதற்கு முன் அந்த வீட்டு விறாந்தைக்குத்தான் ஓட்டம். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பன்பாயில் நெருக்கியடித்துக்கொண்டு கார்ட்டூன் நெட்வொர்க் பார்ப்போம். எல்லாம் ஆங்கிலம். எங்களில் ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது, அண்ணாவைத் தவிர, அண்ணாவுக்கும் எவ்வளவு தெரிந்திருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

அண்ணா கதை சொல்வார். டிவியில் ஓட ஓடச் சொல்வார், கரண்ட் நின்றாலும் விடமாட்டார், இருட்டிலேயே மிச்சத்தைச் சொல்லி முடிப்பார். கூத்துக் களரியில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வரவு வைத்திருப்பதுபோல அண்ணாவும் ஒவ்வொருவருக்கும் ஒரு குரலும் ஒரு நடையும் வைத்திருந்தார். வெஜிட்டா வந்தால் நெஞ்சை நிமிர்த்தி வடமோடிக் கூத்து அரசன்போல இரண்டு எட்டு வைப்பார். வெஜிட்டா கதாநாயகன் கோக்குவுக்கு மச்சான் முறை என்று அண்ணாதான் சொன்னார், நாங்கள் அப்படியே நம்பினோம், ஏனென்றால் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதும் முறைத்துக்கொள்வதும் அடித்துவிட்டு மறுபடி பக்கத்தில் வந்து நிற்பதும் எங்கள் வீட்டு மச்சான்மாரைப் போலவே இருந்தன. உண்மையில் இருவருக்கும் ஒரு உறவும் கிடையாது, இனம் மட்டும்தான் ஒன்று, வெஜிட்டா அந்த சயான் இனத்தின் இளவரசன். எனக்கு இன்றைக்கும் மச்சான்தான்.

கிரகம் இன்னும் ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று வில்லன் ஃப்ரீசா சொன்ன கட்டம் நினைவிருக்கிறதா? அந்த ஐந்து நிமிடம் நாள் கணக்காக ஓடியது. "அண்ணா, ஏன் இன்னும் வெடிக்கேல்ல?" என்று நாங்கள் அரித்தெடுக்க, அந்தக் கிரகத்தில் ஒரு நிமிடம் நம்மட ஒரு கிழமை என்று விளக்கம் சொன்னார். எவ்வளவு நல்ல விளக்கம்! உண்மைக் காரணம் வேறு. டிராகன் பாலை உருவாக்கிய டொரியாமா வாராவாரம் பத்திரிகையில் மங்கா என்ற சித்திரக்கதையாக அதை வரைந்துகொண்டிருந்த காலத்திலேயே அதன் பின்னால் அனிமே என்ற கார்ட்டூனும் ஓடிக்கொண்டிருந்தது. அனிமே மங்காவை எட்டிப் பிடித்துவிடக்கூடாது, அதனால் சண்டையை இழுத்தார்கள், முறைப்பை இழுத்தார்கள். டிராகன் பால் இசட் 291 பகுதி போனதற்கு அந்த இழுவையும் ஒரு காரணம். அப்படி இழுத்ததால்தான் எங்களுக்கு அத்தனை பின்நேரங்கள் கிடைத்தன என்பதால் நான் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன்.

நாங்கள் பார்த்ததெல்லாம் பெரிய கோக்குதான். தோள் அகன்று, தலைமுடி பொன்னாக மாறி, கத்திக்கொண்டே சக்தியைத் திரட்டுகிற கோக்கு. சின்னக் கோக்குவை நான் பார்த்தது ஒரே ஒரு சீடியில். அண்ணா மட்டக்களப்புக்கு ரியூஷன் போய்வரும் வழியில் எங்கேயோ ஒரு சீடிக் கடையில் வாங்கிக்கொண்டு வந்தார், நாலு பகுதி இருந்தது, நாலாவது பகுதி பாதியில் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். அதை எத்தனை தரம் பார்த்தோம் என்று கணக்கில்லை. வாலோடு ஒரு பொடியன், முதுகில் ஒரு கோல், சொன்ன சொல்லுக்கு நீளுகிற கோல், கூப்பிட்டால் வந்து நிற்கிற ஒரு மஞ்சள் மேகம்.

அம்மம்மாவுக்குக் கார்ட்டூன் என்றால் சத்தம், அவ்வளவுதான். வெற்றிலை இடித்துக்கொண்டு ஒரு பக்கமாக இருப்பார். அன்றைக்கு மட்டும் உரலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "இது நம்மட அனுமார்தானே மனே, வாலையும் கம்பையும் பாரன்" என்றார். அப்புறம் எங்களுக்கு மாமாங்கத்துக் கதையைச் சொன்னார். இலங்கையை எரித்த அனுமார் வாலில் பிடித்த நெருப்பை அமிர்தகழி மாமாங்கக் குளத்தில் தோய்த்துத்தான் அணைத்தார் என்று அம்மம்மா சொல்வார், ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு எங்களைக் கூட்டிப் போகும்போதெல்லாம் சொல்கிற கதைதான், ஆனால் அன்றிலிருந்து அந்தக் குளத்தில் எனக்குக் கோக்குவும் சேர்ந்து முழுகத் தொடங்கிவிட்டான். பல வருடம் கழித்து வாசித்தபோதுதான் அம்மம்மா எவ்வளவு கிட்டப் போயிருக்கிறார் என்று தெரிந்தது. டொரியாமா 1984இல் டிராகன் பாலைத் தொடங்கும்போது மேற்கு நோக்கிய பயணம் என்ற பழைய சீனக் கதையைத்தான் கையில் எடுத்தார். அதில் வருகிற குரங்கு வீரன் சுன் வூகொங்கின் பெயரை ஜப்பானிய மொழியில் சொன்னால் சொன் கோக்கு. கோலும் மேகமும் அந்தக் குரங்கினுடையவை. எழுத வாசிக்கத் தெரியாத அம்மம்மா, மொழி விளங்காத ஒரு படத்தைப் பார்த்து, வால் வைத்த ஒரு குரங்கு வீரன் என்று ஒரே பார்வையில் பிடித்துவிட்டார்.

2004 டிசம்பர் 26. அதற்குப் பிறகு அந்த டிஷ் வீட்டுக்காரர் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். அதைப்பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. எங்களுக்குக் கதை செல் என்ற வில்லனோடு நடக்கும் சண்டையில் நின்றது. கோக்குவின் மகன் கோஹான் பதினொரு வயதுப் பிள்ளை, அந்தப் பிள்ளையைச் சண்டைக்களத்தில் தனியாக விட்டுவிட்டுக் கதை நின்றுவிட்டது. மாதக் கணக்கில் தூங்குவதற்கு முன் நான் அதைத்தான் யோசித்தேன். மறுகா என்ன நடந்தது? பிறகு என்பதற்கு மட்டக்களப்பார் வாயில் எந்தக் கதைக்கும் நடுவில் வருகிற சொல் அது, மறுகா, மறுகா என்று கேட்டுக்கொண்டேயிருந்தால்தான் சொல்கிறவருக்கும் வேகம் வரும். ஒரு நாள் அண்ணாவைப் பிடித்துக்கொண்டேன். அண்ணாவும் பார்க்கவில்லைதான், ஆனாலும் சொன்னார். கோக்கு மற்றவர்களைக் காப்பாற்றச் செத்துப்போகிறான், அது நடக்கத்தான் வேண்டும் என்றார். மறுகா? மறுகா கோஹான் செல்லை அடித்து முடித்துவிட்டு, கேட்ட வரம் தரும் டிராகன் பந்துகள் ஏழையும் தேடி எடுத்து, அப்பாவைத் திருப்பித் தா என்று டிராகனிடம் கேட்கிறான், கோக்கு வாசலில் வந்து நிற்கிறான், கோஹானின் அம்மா சோறு போடுகிறாள். இதுதான் அண்ணாவின் முடிவு. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

2012இல் கம்பஸில் இருக்கும்போது, இரவு இரவாக இணையத்தில் தேடி, அந்தச் சண்டையின் உண்மையான முடிவைப் பார்த்தேன். கோக்கு செத்துப்போவதை அண்ணா சரியாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் பிறகு, நண்பர்கள் திருப்பிக் கூப்பிட வழி தேடும்போது, கோக்குவே மறு உலகத்திலிருந்து பேசுகிறான், வேண்டாம், என்னைத் தேடித்தான் ஆபத்தெல்லாம் பூமிக்கு வருகிறது, நான் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்கிறான். மகன் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த இரவு நான் விடுதிக் கட்டிலில் எழும்பி உட்கார்ந்துவிட்டேன். பெரியப்பா 1990இல் காணாமற்போனவர். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், அவ்வளவுதான். அண்ணாவுக்கு அப்போது மூன்று வயது. கோக்கு திரும்பி வராத ஒரு முடிவை அண்ணா எப்படிச் சொல்லியிருப்பார்? அந்தப் பன்பாயில் இருந்த பிள்ளைகளில் அப்பா இல்லாதவர் அண்ணா மட்டும் இல்லை.

நான் இதை இதுவரை அண்ணாவிடம் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

சரி, டைமாவுக்கு வருகிறேன். கடந்த வருடம் ஒக்டோபரில் அறிவிப்பு வந்தபோதே முன்னோட்டத்தை அண்ணாவுக்கு அனுப்பினேன், பதிலுக்கு ஒரு சொல்லும் இல்லை, வரிசையாக நெருப்பு எமோஜிகள் மட்டும் வந்தன. அதற்கு அடுத்த மார்ச்சில் அந்தச் செய்தி. அன்று மகா சிவராத்திரி, மார்ச் 8. காலையிலேயே உலகம் முழுக்கத் தெரிந்திருக்கிறது, நான் விரதம், சமையல் என்று போனைத் தொடவில்லை. இரவு கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தோம், இரண்டாம் சாமப் பூசை முடிந்து வெளி வீதி மணலில் இருக்கும்போது எடுத்துப் பார்க்கிறேன், அண்ணா அனுப்பியிருக்கிறார். அகிரா டொரியாமா மார்ச் முதலாம் திகதியே இறந்துவிட்டார், 68 வயது, மூளையை ஒட்டி இரத்தக் கசிவு. தன் கையால் கதை எழுதி, பாத்திரங்களையும் வரைந்து கொடுத்த தொடர் திரைக்கு வருவதற்கு ஏழு மாதம் முன்னால். விடியும்வரை விழித்திருக்க வேண்டிய இரவு அது, நான் அவருக்காகவும் விழித்திருந்தேன்.

அதனால்தான் முதல் பகுதி தொடங்கி, பெயர்கள் ஓடும்போது அவருடைய பெயர் வந்ததும் இரண்டு பக்கத்திலும் பேச்சு நின்றது. மருமகன்தான் "மாமி, ஏன் பேசாம இருக்கீங்க" என்று கேட்டான்.

கதை இதுதான். பூ என்ற வில்லனோடு நடந்த பெரும் சண்டை முடிந்த பிறகு, அரக்க உலகத்தின் புதிய அரசன் கோமா பூமிக்கு வந்து, நம்முடைய டிராகன் பந்துகளையே எடுத்து, கோக்குவையும் கூட்டாளிகளையும் சின்னப் பிள்ளைகளாக்கிவிடுகிறான். பூமியின் காவல் தெய்வமான டெண்டேயையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். இனி அரக்க உலகத்துக்குப் போய்த்தான் எல்லாவற்றையும் சரிப்படுத்த வேண்டும். இணையத்தில் சிலர் முகம் சுளிக்கிறார்கள், இதே சின்னப்பிள்ளையாக்கும் வேலையை 1996இல் வந்த டிராகன் பால் ஜீடி தொடரிலும் செய்தார்கள்தானே என்று. ஆம், செய்தார்கள். நான் அதைப் பார்த்தேன், எனக்கு அது ஒட்டவில்லை. இதில் என்ன வித்தியாசம் என்றால், இங்கே கோக்குவின் உடம்பு சின்னதானதும் சண்டையே மாறிவிடுகிறது. கை எட்டவில்லை, கால் எட்டவில்லை, அடி போய்ச் சேரவில்லை. அதனால் அவன் பழைய கோலைத் தேடிப் போய் எடுத்துக்கொண்டு வருகிறான். அந்தக் கோல்! திரையில் அதைக் கண்டதும் நான் போட்ட சத்தத்துக்கு அடுத்த வீட்டு நாய் குரைத்தது. டோஹாவிலிருந்து அண்ணா, "அம்மம்மா இருந்திருக்க வேணும்" என்றார்.

எனக்கு டிராகன் பால் என்றால் இந்தப் பயணம்தான். பெரிய சண்டைகளை வைத்துத்தான் உலகம் இதைக் கொண்டாடுகிறது, நானும் அந்தச் சண்டைகளோடு வளர்ந்தவள்தான், ஆனால் ஒருவனைவிட ஒருவன் பலசாலி, அவனைவிட இன்னொருவன் என்று ஏறிக்கொண்டே போகும்போது ஒரு கட்டத்தில் ஊர், தெரு, சாப்பாடு, வாகனம் எல்லாம் மறைந்து வெட்ட வெளியில் இரண்டு பேர் மட்டும் மிதந்துகொண்டிருப்பார்கள். டொரியாமாவின் கை அதில் மட்டும் இல்லை. அவர் வரைகிற வண்டிகளைப் பாருங்கள், உருண்டையான மூக்கு, ஒட்டுப்போட்ட தகடு, எங்கேயோ ஒரு குழாய், எந்த நேரமும் நின்றுவிடும் போல இருக்கும், ஆனால் ஓடும். கோக்குவின் தோழி புல்மா ஒரு சின்னக் காப்ஸ்யூலை எறிந்தால் அதிலிருந்து மோட்டார் சைக்கிள் வரும், வீடு வரும். மண்முனைத் துறையில் பாலம் வந்தது 2014இல், அதற்கு முன் வாவியின் மறுகரையான படுவான்கரைக்குப் போக வேண்டுமென்றால், பாதை என்று நாங்கள் சொல்கிற படகுக்குக் காத்து நிற்க வேண்டும். வெயிலில், சைக்கிள்களுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, நானும் அண்ணாவும் ஆற்றுக்குள் எந்தக் காப்ஸ்யூலை எறிவது, என்ன மாதிரிப் படகு வரவேண்டும் என்று சண்டை பிடிப்போம். அண்ணாவுக்குப் பறக்கிற படகு. எனக்கு அடியில் கண்ணாடி வைத்த படகு, பாடுமீன் எங்கே இருந்து பாடுகிறது என்று பார்க்க. டைமாவில் குளோரியோ என்ற பொடியன் கொண்டு வருகிற விமானத்தைக் கண்டபோது அந்தத் துறையடி அப்படியே வந்து நின்றது. மூன்றாம் பகுதியில் அரக்க உலகத்துக்குள் ஒரு கடையில் அடிபிடி வருகிறது, கோல், மேசை, கதிரை எல்லாம் பறக்கிறது, ஜாக்கி சான் படங்களைப் பார்த்துப் பார்த்து ரசித்த மனிதர் இதைத் தொடங்கினார் என்பது அதில் தெரிகிறது. 20 வருடத்தில் எனக்கு இவ்வளவு சிரிப்பு வந்த டிராகன் பால் சண்டை வேறில்லை.

குரலைப்பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. சின்ன வயதில் நாங்கள் கேட்டது ஆங்கிலக் குரல், அதற்கு மேலே அண்ணாவின் குரல். ஜப்பானியக் குரலை முதலில் கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை, இவ்வளவு பெரிய ஆளுக்குக் கிழவியின் குரலா என்று நினைத்தேன். மசாகோ நொசாவா. 1986இல் முதல் தொடர் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் கோக்கு, கோஹானும் அவர்தான், கோட்டெனும் அவர்தான். அப்பாவும் இரண்டு மகன்மாரும் பேசிக்கொள்கிற இடத்தில் மூன்று பேருக்கும் ஒருவரே பேசுகிறார். இப்போது கோக்கு சின்னவனானதும் அந்தக் குரல் தன் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டது. மூன்றாம் பகுதி போன அதே நாள், கடந்த வெள்ளி, ஒக்டோபர் 25, அவருடைய பிறந்த நாள். 88 வயது! அந்த வயதில் ஒரு பெண் ஒலிவாங்கிக்கு முன் நின்று, வாலில்லாத ஒரு சின்னப் பொடியனாகத் துள்ளிக்கொண்டு சத்தம் போடுகிறார், மூச்சுத் தட்டவில்லை. அம்மம்மா போய்ச் சேர்ந்ததும் 88 வயதில்தான்.

கதை இன்னும் மெதுவாகத்தான் போகிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். முதல் பகுதியில் பாதி நேரம் பழைய கதையை நினைவுபடுத்துவதிலேயே போய்விட்டது. எனக்குக் கொஞ்சம் பொறுமை தட்டியது, மருமகனுக்கு அதுதான் வேண்டியிருந்தது, அவனுக்குப் பூவைத் தெரியாது, யாரையும் தெரியாது. நான்தான் ஓட ஓடச் சொல்கிறேன். ஆங்கில எழுத்தை வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும், நிறுத்தினால் முதுகில் ஒரு குத்து விழும். வெஜிட்டா வந்ததும் என் வாயில் தானாக "இது கோக்குட மச்சான்" என்று வந்துவிட்டது. டோஹாப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம். திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றாம் பகுதி முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது, வாடைக்காற்று மழை தொடங்கிவிட்டது இங்கே. கரண்ட் நின்றது. போனில் சார்ஜ் இருந்ததால் அண்ணா மட்டும் இன்னும் லைனில் இருந்தார். "சரி, படுங்க, அடுத்த கிழமை பார்ப்பம், தீபாவளிக்கு அடுத்த நாள்தானே" என்றேன். மருமகன் போனை என் கையிலிருந்து பறித்து முகத்துக்குக் கிட்ட வைத்துக்கொண்டான்.

"அப்பா, மறுகா?"

"எனக்கும் தெரியாது மகன். இனித்தான் வரும்."

"இல்ல, மறுகா என்ன நடந்த?"

அங்கே கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஓட்டில் மழை மட்டும். அப்புறம் அண்ணா தொண்டையைச் செருமுவது கேட்டது, கதிரையை இழுத்துப் போடுவது கேட்டது, குரலை மாற்றிக்கொண்டு அந்தப் பழைய விறாந்தைக் குரலில் தொடங்கினார்.

"மறுகா கேள் மகன். கோக்கு அந்தக் கோலை எடுத்து ஆத்துக்குக் குறுக்க ஒரே நீட்டா நீட்டினான்..."